தன் உடலில் தானே செய்யும் மருத்துவச் சோதனை: உரிமை எதுவரை, சட்டம் எங்கிருந்து?

1929ஆம் ஆண்டின் கோடைக்காலம். பெர்லினுக்கு வடகிழக்கே எபர்ஸ்வால்டே என்ற ஊரின் மருத்துவமனையில் வெர்னர் ஃபோர்ஸ்மன் பயிற்சி மருத்துவராக இருந்தார். கையிலுள்ள சிரை வழியாக ஒரு மெல்லிய குழாயை இதயம்வரை செலுத்தலாம், அதன் வழியே மருந்தை நேராக இதயத்துக்கே கொடுக்கலாம் என்பது அவருடைய எண்ணம். இதயத்துக்குள் எதையாவது நுழைத்தால் அது நின்றுவிடும் என்று மருத்துவர்கள் அஞ்சிய காலம் அது. மேலதிகாரி அனுமதி மறுத்தார். "என்மீதே செய்து பார்க்கிறேன்" என்று கேட்டதற்கும் மறுத்தார்.

கிருமி நீக்கிய கருவிகள் இருந்த அலமாரியின் சாவி கெர்டா டிட்சன் என்ற செவிலியரிடம் இருந்தது. ஃபோர்ஸ்மன் அவரிடம் பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்தார். சோதனையை என்மீதே செய்யுங்கள் என்று டிட்சன் முன்வந்தார். சரியென்று சொல்லி அவரை மேசையில் படுக்கவைத்துக் கட்டிய ஃபோர்ஸ்மன், அவர் கண்ணில் படாதபடி நின்று தன்னுடைய இடது முழங்கை மடிப்பை மரத்துப்போகச் செய்து, சிரையைத் திறந்து, குழாயைத் தனக்குள்ளேயே தள்ளத் தொடங்கினார். டிட்சனுக்கு விஷயம் புரிந்தபோது குழாய் பாதி தூரம் போயிருந்தது. பிறகு கட்டை அவிழ்த்துவிட்டு, கையில் குழாய் தொங்க, அவரையும் அழைத்துக்கொண்டு எக்ஸ்ரே அறைக்குப் படியிறங்கிப் போனார். அங்கே 65 சென்டிமீட்டர்வரை செலுத்தி எடுத்த படத்தில், குழாயின் நுனி இதயத்தின் வலது பக்கத்தில் தெளிவாகத் தெரிந்தது.

இதயத்துக்குள் குழாய் செலுத்திச் செய்யும் இன்றைய பரிசோதனைகளுக்கும் சிகிச்சைகளுக்கும் தொடக்கம் அந்த எக்ஸ்ரே படம். 1956இல் ஃபோர்ஸ்மனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. இதை வீரக்கதையாகவே எல்லோரும் சொல்கிறார்கள். வீரம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் இந்தத் தலைப்பைப் படிக்க வருபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது மேசையில் கட்டப்பட்டுக் கிடந்த டிட்சனை. "என் உடல், என் ஆபத்து" என்று தொடங்கிய சோதனைக்குள் இன்னொருவர் வந்துவிட்டார். அதுவும் ஏமாற்றப்பட்டு வந்தார். மருத்துவமனைப் படிநிலையில் மருத்துவரின் பேச்சைத் தட்டுவது ஒரு செவிலியருக்கு எளிதான காரியமா? குழாய் இதயத்தில் சிக்கி ஃபோர்ஸ்மன் இறந்திருந்தால் அந்தச் சாவிக்குப் பதில் சொல்ல வேண்டியவர் யார்?

மருத்துவத் தற்சோதனையின் நெறிமுறைச் சிக்கல்களில் பெரும்பாலானவை இப்படித்தான் தொடங்குகின்றன. சோதனை ஒரே ஓர் உடலோடு நின்றுவிடுவது மிக அரிது.

எதைத் தற்சோதனை என்கிறோம்?

புதிய மருத்துவ அறிவைத் தேடி, இன்னும் நிறுவப்படாத மருந்தையோ முறையையோ ஒருவர் தன் உடலிலேயே முயன்று பார்ப்பது தற்சோதனை. தலைவலிக்கு நாமே மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வது இதில் சேராது, அது சுயமருத்துவம். 1961இல் அண்டார்டிகாவின் சோவியத் ஆய்வுநிலையத்தில், வேறு மருத்துவரே இல்லாத நிலையில், லியோனிட் ரோகசோவ் தன் குடல்வாலைத் தானே அறுத்து அகற்றினார். அதுவும் சோதனை இல்லை, உயிர் பிழைக்க வேறு வழியில்லாமல் செய்த சிகிச்சை. நோக்கம் அறிவு தேடுவதா, நோயைத் தீர்ப்பதா என்பதுதான் முதல் கேள்வி. இரண்டும் கலந்து வரும் இடங்களில்தான் சட்டமும் தடுமாறுகிறது. அந்த இடத்துக்குப் பிறகு வருகிறேன்.

மருத்துவர்கள் ஏன் தங்கள்மீதே சோதித்தார்கள்? அறியாத நோயாளியின்மீது முயல்வதைவிட, ஆபத்தைத் தானே ஏற்பது நேர்மையானது என்ற எண்ணம் முக்கியக் காரணம். 1900இல் ஹவானாவில் மஞ்சள் காய்ச்சலை ஆராய்ந்த அமெரிக்க ராணுவக் குழுவின் மருத்துவர்கள் இந்த உறுதியோடுதான் இறங்கினார்கள். அவர்களில் ஜேம்ஸ் கேரல் கொசுவைக் கடிக்கவிட்டு நோய்வாய்ப்பட்டுப் பிழைத்தார். ஜெஸ்ஸி லசேர் அதே ஆண்டு செப்டம்பரில் மஞ்சள் காய்ச்சலால் இறந்தார்.

இந்த எண்ணத்துக்குச் சர்வதேச ஆவணம் ஒன்றிலேயே இடம் கிடைத்தது. நாஜி முகாம்களில் கைதிகள்மீது கொடூரச் சோதனைகள் நடத்திய மருத்துவர்களை நியூரம்பர்க்கில் விசாரித்த நீதிமன்றம், 1947இல் தன் தீர்ப்பில் பத்து நெறிகளை வகுத்தது. மனிதர்கள்மீது செய்யும் எந்த ஆய்வுக்கும் அவர்களுடைய தன்னிச்சையான சம்மதம் கட்டாயம் என்பது முதல் நெறி. மரணமோ நிரந்தர ஊனமோ நேரும் என்று முன்கூட்டியே நம்பக் காரணம் இருந்தால் அந்தச் சோதனையைச் செய்யக்கூடாது என்பது ஐந்தாவது. ஆனால் அந்த ஐந்தாவது நெறியில் ஒரு வால் இருக்கிறது: சோதனை செய்யும் மருத்துவர்களே சோதனைக்கு உட்படும்போது ஒருவேளை இதற்கு விலக்கு இருக்கலாம் என்கிறது அது.

"ஒருவேளை" என்ற தயக்கத்தோடு எழுதப்பட்ட அந்த விலக்கை நான் ஏற்கவில்லை. மருத்துவர் தன் உயிரைப் பணயம் வைத்தார் என்பது அவருடைய நேர்மைக்குச் சான்று, சோதனையின் பாதுகாப்புக்குச் சான்று ஆகாது. தன் கருத்தில் வெறிகொண்ட ஆய்வாளர் தன் உயிரை மதிக்காததுபோலவே பக்கத்தில் படுத்திருப்பவரின் உயிரையும் எடைபோடத் தவறலாம். மனித ஆய்வுகளுக்கான நெறிகளாக 1964இல் உலக மருத்துவச் சங்கம் வெளியிட்ட ஹெல்சிங்கி பிரகடனத்தில் இந்த விலக்கு இடம்பெறவில்லை. எந்த ஆய்வுத் திட்டத்தையும் ஆய்வாளருக்குத் தொடர்பில்லாத ஒரு குழு, அதாவது நெறிமுறைக் குழு, முன்கூட்டியே பரிசீலிக்க வேண்டும் என்ற கொள்கை 1975இல் அதன் திருத்தத்தில் சேர்ந்தது.

ஓர் உடல் எதை நிரூபிக்கும்?

நெறிமுறை பேசும்போது அறிவியலைத் தள்ளி வைக்க முடியாது. பயனற்ற விடை தரும் சோதனைக்காக உயிரைப் பணயம் வைப்பதே ஒரு நெறிமுறைப் பிழை. ஏறக்குறைய ஒரே காரியத்தைச் செய்த இருவரைப் பார்ப்போம்.

1892இல் ஹாம்பர்க் நகரில் காலரா ஆயிரக்கணக்கானோரைக் கொன்றுகொண்டிருந்தது. கிருமியே காலராவுக்குக் காரணம் என்றார் நுண்ணுயிரியலாளர் ராபர்ட் கோக். மியூனிக்கின் புகழ்பெற்ற சுகாதார அறிஞர் மாக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபர் அதை ஏற்கவில்லை. மண்ணும் சூழலும் ஒத்துழைக்காமல் கிருமி மட்டும் நோயைத் தராது என்பது அவர் கட்சி. அந்த அக்டோபரில், 73 வயதில், வயிற்றின் அமிலம் கிருமியைக் கொன்றுவிட்டது என்று யாரும் சொல்லிவிடாதபடி சோடா உப்பு கலந்த நீரைச் சேர்த்து, உயிருள்ள காலராக் கிருமிகளைக் குடித்தார். லேசான வயிற்றுப்போக்கோடு போயிற்று. தன் கொள்கை வென்றது என்று அவர் முடிவு கட்டினார். அவர் கருத்து தவறு. அவர் குடித்த கிருமி வீரியம் குறைந்ததாக இருந்திருக்கலாம். பல ஆண்டுகளுக்கு முன் அவருக்குக் காலரா வந்ததால் எதிர்ப்புச் சக்தி மிஞ்சியிருக்கலாம். ஒரே உடலை வைத்துக்கொண்டு இவற்றில் எது என்று பிரித்தறிய வழியே கிடையாது.

1984இல் ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் பாரி மார்ஷலும் கிருமியைக் குடித்தார். இரைப்பைப் புண்ணுக்கு மன அழுத்தமும் அமிலமுமே காரணம் என்று மருத்துவ உலகம் நம்பியிருந்தது. மார்ஷலும் அவருடைய சகா ராபின் வாரனும் நோயாளிகளின் இரைப்பையில் ஒரு சுருள் வடிவ பாக்டீரியாவைத் தொடர்ந்து கண்டார்கள். இன்று நாம் ஹெலிகோபேக்டர் பைலோரி என்று அழைப்பது அதைத்தான். விலங்குகளில் அந்தத் தொற்றை உண்டாக்கும் முயற்சி பலிக்கவில்லை. மார்ஷல் முதலில் எண்டோஸ்கோபி செய்து தன் இரைப்பை நலமாக இருப்பதை உறுதிசெய்துகொண்டார். பிறகு கிருமிக் குழம்பைக் குடித்தார். சில நாட்களில் குமட்டல், வாந்தி, வாய் நாற்றம். பத்தாம் நாள் எடுத்த திசுத் துணுக்கில் அழற்சியும் இருந்தது, கிருமியும் இருந்தது. 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு.

ஒருவர் தவறான முடிவுக்கும் மற்றவர் சரியான முடிவுக்கும் வந்தது அதிர்ஷ்டத்தால் மட்டுமா? அதிர்ஷ்டமும் உண்டு. ஆனால் கேள்வியின் அமைப்பில் பெரிய வேறுபாடு இருக்கிறது. "இந்தக் கிருமி ஆரோக்கியமான இரைப்பையில் அழற்சியை உண்டாக்க முடியுமா?" என்று மார்ஷல் கேட்டார். முடியும் என்று காட்ட ஒரு சான்று போதும். பெட்டன்கோஃபர் நிரூபிக்க முயன்றதோ "இந்தக் கிருமி தனியாக நோய் தராது" என்பதை. நேராது என்று காட்ட ஓர் உடல் ஒருநாளும் போதாது. இந்தத் துறையில் புதிதாக நுழைபவர் வேறு எதை மறந்தாலும் இதை மறக்கக்கூடாது. ஒரு மருந்தைத் தான் குடித்துப் பார்த்ததாகவும் தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்றும் யாராவது சொன்னால், அவர் நிற்பது பெட்டன்கோஃபர் நின்ற இடத்தில்.

மார்ஷல் குடித்ததோடு உலகம் மாறிவிடவும் இல்லை. அவருக்கு வந்தது அழற்சி; புண் இல்லை. ஆண்டிபயாட்டிக் கொடுத்தால் புண் ஆறுகிறது, திரும்ப வருவதில்லை என்று பல நோயாளிகளிடம் முறையாக நடத்திய ஆய்வுகள் காட்டிய பிறகே, 1994இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் கூட்டிய வல்லுநர் குழு அதைச் சிகிச்சையாகப் பரிந்துரைத்தது. ஒரு மிடறு பத்து ஆண்டுகால ஆய்வுக்கு மாற்றாகவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மார்ஷல் எந்த நெறிமுறைக் குழுவிடமும் அனுமதி கேட்கவில்லை. மனைவியிடமும் முன்கூட்டிச் சொல்லவில்லை. இந்தக் கிருமி ஒரே வீட்டில் வாழ்பவர்களிடையே பரவக்கூடியது, வீட்டில் சிறு குழந்தைகள் இருந்தார்கள். விஷயம் தெரிந்ததும் மனைவி உடனே மருந்து எடுத்துக்கொள்ளச் சொல்லி வற்புறுத்தினார். அந்தக் குடும்பத்திடம் சம்மதம் கேட்டவர் யார்? நோபல் பரிசு இந்தக் கேள்வியை அழித்துவிடாது.

சட்டம் என்ன சொல்கிறது?

நேரடியான விடை சிலருக்கு வியப்பளிக்கும்: தன் உடலில் தானே சோதனை செய்துகொள்வதைக் குற்றம் என்று பெயர் சொல்லித் தடுக்கும் சட்டம் பொதுவாக நாடுகளில் இல்லை. சட்டத்தின் பார்வை அதைச் சுற்றியுள்ளவற்றின்மீதே விழுகிறது. எந்த நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் நடந்தது, யார் பணம் கொடுத்தது, ஊசியைப் பிடித்த கை யாருடையது, அந்தப் பொருள் விற்பனைக்கு வந்ததா என்றே அது கேட்கிறது.

அமெரிக்காவில் அரசுப் பணத்தில் நடக்கும் மனித ஆய்வுகளுக்கான கூட்டாட்சி விதிகள், ஆய்வாளர் தன்மீதே செய்யும் சோதனைக்கென்று தனி விலக்கு எதையும் தரவில்லை. ஆகவே ஒரு பல்கலைக்கழக விஞ்ஞானி தன் ஆய்வின் பகுதியாகத் தன் உடலில் சோதித்தால், பல நிறுவனங்கள் அதையும் நெறிமுறைக் குழுவின் முன் வைக்கச் சொல்கின்றன. அதே காரியத்தைச் சொந்தப் பணத்தில் வீட்டில் செய்பவர் இந்த வலைக்கு வெளியே நிற்கிறார். விற்பனை என்று வந்தால் நிலைமை வேறு. 2017இல் ஜோசையா சேனர் என்ற உயிரி ஆர்வலர் மரபணுவைத் திருத்தும் கிரிஸ்பர் கலவையைக் கூட்டத்தின் நடுவே தன் கையில் ஏற்றிக்கொண்டார். அதே ஆண்டு, தானே செய்துகொள்ளும் மரபணுச் சிகிச்சைப் பொட்டலங்களை விற்பது சட்டவிரோதம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரித்தது. அப்படிப்பட்ட பொட்டலங்களில், இது தன் உடலில் செலுத்திக்கொள்வதற்கு இல்லை என்ற அறிவிப்பு இருக்க வேண்டும் என்று கலிஃபோர்னியா 2019இல் சட்டமே இயற்றியது.

இந்தியாவில் புதிய மருந்து எதையும் மனிதர்களிடம் சோதிப்பதற்கு 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனைகள் விதிகள் பொருந்தும். மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதியும், பதிவுபெற்ற நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் தேவை. ஒருவர் தனியாகத் தன் வீட்டில் எதையோ குடிப்பதை மனதில் வைத்து இவை எழுதப்படவில்லை. ஆனால் உதவுபவர் கவனமாக இருக்க வேண்டும். 18 வயது நிரம்பியவர் சம்மதித்தால் அவருக்கு நேரும் சில தீங்குகள் குற்றமாகாது என்று இந்திய தண்டனைச் சட்டத்தின் 87ஆவது பிரிவு சொன்னது. அந்தப் பாதுகாப்பு, மரணமோ கொடுங்காயமோ நேரக்கூடும் என்று தெரிந்தே செய்யும் செயலுக்குக் கிடையாது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் இதே கோட்பாடு தொடர்கிறது. அதாவது, நண்பர் கேட்டுக்கொண்டார் என்பதற்காக ஆபத்தான ஊசியை அவருக்குப் போட்டுவிடுபவர், "அவர்தான் சம்மதித்தாரே" என்று சொல்லித் தப்பிவிட முடியாது.

இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. 1885இல் பெரு நாட்டில் டேனியல் கேரியன் என்ற மருத்துவ மாணவர், ஒரு நோயாளியின் மருவிலிருந்து எடுத்த குருதியைத் தன் கையில் ஏற்றிக்கொண்டார். அந்த மருநோயும், ஒரோயா காய்ச்சல் என்று தனியாக அழைக்கப்பட்ட கொடிய காய்ச்சலும் ஒன்றே என்பது அவர் உடலில் தெரியவந்தது. அக்டோபர் 5 அன்று அவர் இறந்தார். அந்த நாளைப் பெரு மருத்துவர் தினமாகக் கொண்டாடுகிறது. ஆனால் அப்போது அவருக்கு ஊசி ஏற்ற உதவிய மருத்துவர்மீது கொலைப் பழி விழுந்தது. மாணவரின் பெயர் வரலாற்றில் நிலைத்தது. உதவிய கையை யாரும் நினைப்பதில்லை.

நோயாளியே விஞ்ஞானியாக இருந்தால்?

முன்பு சொன்ன, சிகிச்சையும் சோதனையும் கலக்கும் இடம் இதுதான். குரோஷியாவின் ஜாக்ரெப் பல்கலைக்கழகத்தில் வைரஸ் ஆய்வாளரான பியாட்டா ஹலாசிக்கு, மார்பகம் அகற்றிய இடத்திலேயே 2020இல் புற்றுநோய் மீண்டும் தலைகாட்டியது. அது இரண்டாவது மறுவரவு. இன்னொரு கீமோதெரபியைத் தாங்க அவர் விரும்பவில்லை. புற்றணுக்களைத் தாக்கும் வைரஸ்களைக் கட்டிக்குள் செலுத்தும் முறை அவர் அறிந்த துறையை ஒட்டியது. தடுப்பூசியில் பயன்படும் தட்டம்மை வைரஸ் வகை ஒன்றையும், பிறகு கால்நடைகளைத் தாக்கும் வேறொரு வைரஸையும் தன் ஆய்வுக்கூடத்தில் தயாரித்தார். சக ஆய்வாளர் ஒருவர் சுமார் இரண்டு மாதங்கள் அவற்றைக் கட்டிக்குள் செலுத்தினார். நிலைமை மோசமானால் வழக்கமான சிகிச்சைக்கு மாற்றலாம் என்ற ஏற்பாட்டோடு அவருடைய புற்றுநோய் மருத்துவர்கள் கூடவே இருந்து கண்காணித்தார்கள். கட்டி சுருங்கி, சுற்றியிருந்த தசையிலிருந்தும் தோலிலிருந்தும் விடுபட்டது. அறுவை செய்து அகற்றினார்கள். அதன்பின் ஓராண்டு, மார்பகப் புற்றுநோய்க்கான டிரஸ்டுசுமாப் என்ற மருந்து எடுத்துக்கொண்டார். 2024இல் கட்டுரை வெளியானபோது நான்கு ஆண்டுகளாக நோய் திரும்பவில்லை.

அந்தக் கட்டுரையைப் பத்துக்கும் மேற்பட்ட இதழ்கள் திருப்பி அனுப்பியிருந்தன. தற்சோதனையை வெளியிட்டால், விரக்தியில் இருக்கும் புற்றுநோயாளிகள் நிறுவப்பட்ட சிகிச்சையை விட்டுவிட்டு இதைப் பின்பற்றக்கூடும் என்பது முக்கியமான கவலை. கவலை நியாயமானது. ஆனாலும் வெளியிட்டதே சரி என்று நான் உறுதியாக நினைக்கிறேன். நடந்ததை மறைத்தால் அதிலிருந்து யாரும் கற்க முடியாது. ஒருவருக்குப் பலித்தது என்ற வதந்தி மட்டும் மிஞ்சும், அளவும் முறையும் விளைவும் அறுவை சிகிச்சையின் பங்கும் பதிவாகாமல் போகும். செய்திகளில் "விஞ்ஞானி தன் புற்றுநோயைத் தானே குணப்படுத்தினார்" என்று வந்தது. அறுவை சிகிச்சையும் டிரஸ்டுசுமாப் மருந்தும் அந்தத் தலைப்பில் இல்லை. ஆபத்து இதழில் வந்த கட்டுரையில் இல்லை, இப்படிச் சுருக்கியதில்தான் இருந்தது. நம் உறவில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்த வாரத்தில் இப்படிப்பட்ட தலைப்பு கண்ணில் பட்டால் அது என்ன செய்யும் என்பதை நினைத்தால் எனக்குப் பதறுகிறது.

ஹலாசிக்கு இருந்தவை எத்தனை பேருக்கு இருக்கும்? வைரஸைத் தூய்மையாகத் தயாரிக்கும் கூடம், பல ஆண்டு அனுபவம், ஏற்கெனவே மனிதர்களிடம் பயன்படுத்திப் பார்த்த வைரஸ் வகைகள், தவறினால் தாங்கிப்பிடிக்க மருத்துவர்கள். இவையெல்லாம் இருந்துமே அது ஓர் உடலின் கதைதான்.

இவை இல்லாதபோது என்ன ஆகும் என்பதற்குச் சென்னையிலேயே உதாரணம் உண்டு. 2020 மே மாதம், கொரோனா பரவிக்கொண்டிருந்தபோது, மருந்து நிறுவனம் ஒன்றில் நீண்ட காலம் பணியாற்றிய மருந்தியலாளர் ஒருவர், கொரோனாவுக்கு மருந்தாகும் என்று நம்பித் தான் கலந்த ரசாயனக் கரைசலைக் குடித்து இறந்தார். சோடியம் நைட்ரேட் கலந்தது அது என்று போலீஸ் தெரிவித்ததாகச் செய்தி வந்தது. அவரோடு சேர்ந்து சிறிதளவு குடித்த நிறுவன உரிமையாளர் மயங்கி விழுந்து பிழைத்தார். இருவரும் ரசாயனம் அறியாதவர்கள் இல்லை. மக்களுக்கு உதவ வேண்டும் என்ற எண்ணம் பொய்யும் இல்லை. அவர்களுக்கு இல்லாமல் போனது, குடிப்பதற்கு முன் "இந்த அளவு ஏன்? விலங்குகளில் என்ன ஆயிற்று? விஷமுறிவு மருந்து கையில் இருக்கிறதா?" என்று கேட்கும் மூன்றாவது மனிதர். நெறிமுறைக் குழு என்று நாம் சலித்துக்கொள்ளும் ஏற்பாட்டின் வேலை அந்த மூன்றாவது மனிதராக இருப்பதுதான்.

நாட்பட்ட நோயோடு போராடி, எல்லாம் முயன்று பார்த்துவிட்டு, "என்மேல் நானே சோதித்துக்கொண்டால் என்ன?" என்று நினைப்பவர்களைக் குற்றவாளிகளாகப் பார்க்க என்னால் முடியாது. அவர்களுக்குத் தெரிய வேண்டியது, முறையான வாசல்களும் இருக்கின்றன என்பது. தூக்கமின்மை, ஒற்றைத் தலைவலி, மூட்டுவலி போன்றவற்றுக்கு, ஏற்கெனவே அனுமதிபெற்ற மருந்து தனக்குப் பயன்படுகிறதா என்று அறிய ஒற்றை நோயாளிச் சோதனை என்ற முறை உண்டு. மருத்துவரின் மேற்பார்வையில் சில வாரம் மருந்தும் சில வாரம் போலி மாத்திரையும் மாறிமாறிக் கொடுப்பார்கள். எந்த வாரம் எது என்பது நோயாளிக்குத் தெரியாது. அறிகுறிகளை நாள்தோறும் குறித்து, கடைசியில் உறையைத் திறந்து ஒப்பிடுவார்கள். நம்பிக்கை நம்மை ஏமாற்றும் வழியை இது பெருமளவு அடைத்துவிடுகிறது.

உயிருக்கு ஆபத்தான நோயில், இந்தியாவில் இன்னும் அனுமதி பெறாத மருந்தை ஒரு நோயாளிக்காக வரவழைக்க அரசு மருத்துவமனைகளும் மருத்துவ நிறுவனங்களும் விண்ணப்பிக்க 2019ஆம் ஆண்டின் அதே விதிகளில் இடமிருக்கிறது. தவிர, எந்த நோய்க்கு எந்த மருத்துவமனையில் மருந்துச் சோதனை நடக்கிறது என்பதை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்தும் மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் யார் வேண்டுமானாலும் கட்டணமின்றித் தேடிப் பார்க்கலாம். நோயின் பெயரையும் மருத்துவ அறிக்கைகளையும் கையில் வைத்துக்கொண்டு, சிகிச்சை தரும் மருத்துவரோடு உட்கார்ந்து அந்தப் பதிவேட்டைப் பார்ப்பதிலிருந்து தொடங்கலாம். சோதனை ஒன்றில் சேர்ந்தவருக்கு அதன் காரணமாகத் தீங்கு நேர்ந்தால், மருத்துவச் செலவையும் இழப்பீட்டையும் சோதனையை நடத்துபவர் தர வேண்டும் என்று அந்த விதிகளே சொல்கின்றன. வீட்டில் தனியாகக் குடிப்பவருக்கு அப்படிப் பொறுப்பேற்க யாரும் இல்லை.